அந்த யானையைப் பிடிக்க வேண்டாம்

எங்கள் ஏரியில் முக்குளிப்பான் இருக்கிறது, ரேஞ்சர் ஐயா. வாத்தைவிடச் சின்னது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது மூழ்கிவிடும். எங்கே எழும் என்று சொல்ல முடியாது. நானும் என் வீட்டுக்காரரும் தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் கரையில் நடப்போம்.

அவர் மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூருக்குத் தக்காளி லோடு ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. தூரப் பார்வையும் மங்கிவிட்டது. மாதா கோயிலில் எனக்காக ஜெபம் செய்தார்கள். கல்யாணமானதிலிருந்து அப்போதுதான் நான் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்திருந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த வலது கை என்னென்ன செய்யும் என்று என் உடம்புக்குத் தெரியும்.

பயிற்சி கொடுக்க வரும் அன்பரசி, "தெனமும் நடக்க வையுங்க அக்கா" என்றாள். நடக்க வைத்தேன். அதில் நான் குறை வைக்கவில்லை. தோளில் தாங்கிக்கொண்டு, அலுப்புத் தெரியாமலிருக்க நாரையையும் மீன்கொத்தியையும் காட்டிக்கொண்டு போவேன். குழந்தை மாதிரி சிரிப்பார். அந்த நாட்களில் அவரை எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

ஒரு நாள் வலது கையால் கல்லெடுத்து, கரையோரம் பக்கத்திலேயே நின்ற ஒரு கொக்கின் மேல் எறிந்தார். பட்டுவிட்டது. அது ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு நாணலுக்குள் போனது.

"பாத்தியாடி, கை வந்துருச்சு" என்று சிரித்தார்.

அன்பரசிக்கும் சந்தோஷம். "எல்லாம் நீங்க பாத்துக்கிட்டதுதாங்க அக்கா. இன்னுங் கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடுவாரு."

அன்று சாயங்காலம் காப்பி ஆறிவிட்டதென்று அடித்தார். பலம் இல்லைதான். ஆனால் குறி தப்பவில்லை.

பாப்பாரப்பட்டியில் இருக்கும் என் அண்ணன் இன்னாசியிடம் போனேன். "உன் வூட்டுல ஒரு மூலையில இருந்துக்கறேண்ணா" என்றேன்.

"சீக்காளிய உட்டுட்டு வந்தா ஊரு என்னா பேசும், அருள்ராணி? இத்தினி நாளு பொறுத்துக்கிட்ட. இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்க" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டான். வேறு போக்கிடம் எனக்கு இல்லை. வரும் வழியெல்லாம், அந்தக் கை நாளைக்கு இன்னும் கொஞ்சம் பலமாக இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஒற்றைக் கொம்பன் யானையை உங்களுக்குத் தெரியும். கேழ்வரகுக் கொல்லையில் மேய்ந்துவிட்டு, விடியும்போது மேற்கு மதகில் தண்ணீர் குடிக்க வரும். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று நீங்களே ஒலிபெருக்கியில் சொன்னீர்கள். நான் தூரத்திலிருந்து பல நாள் பார்த்திருக்கிறேன். அதன்பாட்டுக்கு விட்டால் யாரையும் ஒன்றும் செய்யாது. குடித்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடும்.

அன்றைக்கு நல்ல பனி. வழக்கமாகப் போகும் பக்கம் விட்டுவிட்டு அவரை மேற்கே கூட்டிப்போனேன். ஆள்காட்டிக் குருவிகள் எழுந்து கத்தின.

"என்னாத்துக்கு இப்பிடிக் கத்துது?" என்றார். மதகுக்குக் கீழே கறுப்பாக நிற்பது அவருக்கும் மங்கலாகத் தெரிந்தது.

"எருமைங்க. தண்ணிக்கு வந்துருக்கு. ஒரு கல்லு வுடுங்க, போயிடும். கைக்கும் பயிற்சியா இருக்கும்."

நல்ல கல்லாக நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். பயந்து ஓடினேன் என்று ஊரில் சொல்கிறார்கள். ஓடவில்லை. புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கேட்டது. எல்லாம் முடியும்வரை அங்கேயே நின்று பார்த்தேன்.

இப்போது அதைப் பிடிக்கக் கும்கி வருகிறது என்கிறார்கள். அதனால்தான் வந்தேன். அது தண்ணீர் குடிக்க வந்த யானை, ஐயா. கல்லடி பட்டதால்தான் அவர் மேல் திரும்பியது. பிடித்தால் மரக்கூண்டில் அடைத்து, அடித்துத்தான் பழக்குவார்களாமே. நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். ஓர் உயிர் வதைபடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.