திறந்து விட்ட நினைவகம்

"தமிழ்லயே பேசு தங்கச்சி. இந்தில பேசினா பஸ்ஸுக்கே புரியும்."

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, தெரிந்தவர்களெல்லாம் நியூசிலாந்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். நகாசி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் ஆணும் பெண்ணும், கழுத்தில் ஒரே ஆபீஸின் அட்டையோடு.

"சிஸ்டத்தோட உள் நினைவகம், அந்த கெர்னல் மெமரிய ஏன்ணே வெளி யூசர் புரோகிராமுக்கு நேரா தெரியற மாதிரி மேப் பண்ணீங்க?"

"காப்பி பண்ற நேரம் மிச்சமாகும்னுதான். அதுல ஒரு சின்ன துண்டு, பஃபர் ஒண்ணுதானே தெரியும்னு நெனச்சேன்."

"அரே, மேப் பண்ணா அந்தத் துண்டு இருக்கற முழு பேஜும்ல தெரியும்! அதே பேஜ்ல மத்தவங்க பாஸ்வேர்டெல்லாம் கெடக்குது. அந்த புரோகிராம் வச்சிருக்கறவன் யாரும் படிச்சிரலாம்."

"தெரியும். போன வாரமே பாத்துட்டேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க? நம்ம ஆபீஸ் முனுசாமிதான் பாஸ்வேர்ட வெளிய சொன்னான்னு வேலைய விட்டே அனுப்பிட்டாங்களே!"

அவர் குரல் இறங்கியது. "வாய் வரல தங்கச்சி. நாளைக்கு ஆக்லாந்து பிளைட். நான் போனப்புறம் நீயே சொல்லிடு."

என் கைப்பேசி அடித்தது. "வந்துட்டே இருக்கேம்மா," என்றேன், வழக்கம்போலத் தமிழில்.

முன்னால் பேச்சு நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மணியடித்து, வீடோ கடையோ இல்லாத நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.