ஓடாத கார் குடிக்கும் ஆயில்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர். ஒருவர் மெக்கானிக், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். மற்றவர் பழைய கார் வைத்திருப்பவர்.

“வண்டி எங்கயும் போறதில்ல அண்ணாத்தே. ஆனா மாசம் ஒரு லிட்டர் ஆயில் குடிக்குது. நீலமா புகை வேற.”

“போவாத வண்டிய எதுக்கு ஸ்டார்ட் பண்ற?”

“அப்பா டாக்ஸி ஓட்னவரு. பக்கவாதம் வந்ததுலேர்ந்து பேச்சு இல்ல. தெனம் காத்தால டிரைவர் சீட்ல உக்கார வெச்சி இன்ஜின ஆன் பண்ணி வுட்ருவேன். ஒரு மணி நேரம் ஸ்டீயரிங்க புட்சிகினு இருப்பாரு.”

சென்னீர்குப்பம் வந்ததும் மெக்கானிக் அவர் பக்கம் திரும்பினார்.

“அதான் கோளாறு. நின்ன எடத்துலயே ஓடிகினு இருந்தா இன்ஜின் சரியா சூடேறாது. பிஸ்டன் ரிங்குல கரி அடைச்சிக்கும், ஆயில் மேல ஏறி எரியும். ரோட்ல நல்லா வெரட்டி ஓட்டு, கொஞ்சம் கொறையும்.”

“நான் எங்க அண்ணாத்தே போறது?”

“அத நீ எதுக்கு யோசிக்கிற? அவர பக்கத்துல உக்கார வை. ஒரு கை நல்லா கீது இல்ல? லெஃப்டா ரைட்டானு அவரு காட்டட்டும். நீ திருப்பு.”