நாய்ப்படம் போட்ட மருந்துப் பெட்டி

இல்லை டொக்டர், கதிரை வேண்டாம், நிண்டபடியே சொல்லுறன். நீங்கள் முதல்ல இந்த முயலைப் பாருங்கோ. துவாயை விலக்கிப் பாருங்கோ, உயிர் இருக்குது. வரேக்க ஓட்டோவுக்குள்ள ரெண்டு தரம் வலிச்சது. காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. கப்பல்துறையில இருந்து மடியை விட்டு இறக்கேல்லை நான்.

ஏழு நிண்டது. மூண்டு நேத்துப் பொழுதுபடுறதுக்குள்ள போயிட்டுது. மிச்ச மூண்டும் வெளியில ஓட்டோவில, என்ர மனுசனிட்ட இருக்குது. தலை நிமித்துதுகளில்லை, கங்குன் கீரையைக் காட்டினாலும் மணந்துகூடப் பாக்குதுகளில்லை. கொண்டாறன் டொக்டர், அதுக்கு முதல் உங்களோட கொஞ்சம் கதைக்கோணும்.

வருத்தம் எப்ப தொடங்கினதோ? ஒரு மாசம் இருக்கும். முதல் ஒண்டுக்கு மூக்கு நுனியில மாப் பூசின மாதிரிக் கிடந்தது. தவிட்டுக்குள்ள வாயை வச்சிட்டுதாக்கும் எண்டு துடைச்சன், போகேல்லை. பேந்து காதுக்குள்ள பொருக்குப் பொருக்கா அடுக்கி, ராப்பகலா ஒரே சொறிச்சல். ஒண்டில இருந்து மற்றதுக்கு, மற்றதில இருந்து எல்லாத்துக்கும். என்ர முழங்கையும் சாடையாக் கடிச்சது, பாருங்கோ.

பக்கத்து வீட்டு இராசையாண்ணை, வாகனத்துக் கழிவொயிலை அள்ளிப் பூசு பிள்ளை, நாங்கள் நாய்க்கு அதுதானே செய்யிறது எண்டார். என்ர மனுசன் விடேல்லை. முயல் தன்ர உடம்பைத் தானே நக்கித் துப்புரவாக்கிற சீவன், ஒயில் வயித்துக்குள்ள போயிடும் எண்டார். டொக்டரைக் கேக்காமல் ஒண்டும் பூசக்கூடாது எண்டு எனக்குச் சொன்னவர்.

அவருக்கு ஹெக்டர் எண்டு பேர். முப்பது வருசம் துறைமுகத்தில கப்பலுக்குக் கயிறு கட்டின ஆள். போன வருசம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திட்டுது. ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்கிற லோஜினி மிஸ் ஒரு பந்தைக் குடுத்து, அமத்துங்கோ எண்டா. இடக்கையால எடுத்துச் சுவரில எறிஞ்சார். மரக்கட்டைக்கு என்ன பயிற்சி எண்டு கேட்டார். கடைசியில அந்தப் பிள்ளைதான் ஒரு சோடி முயலைக் கொண்டந்து, இவற்ற வலக்கையைத் தூக்கி அதுக்கு மேல வச்சது. அண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஒரு கிழமையால சுண்டுவிரல் அசைஞ்சது. நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதனான் டொக்டர். அந்தச் சோடியில இருந்து பெருகின இதுகள் போனால் அந்தக் கையும் போயிடும். அதுதான் என்ர பயம்.

பூசின மருந்துப் பெட்டியோ? ஓம், கொண்டு வந்தனான், இந்தாங்கோ. ஓம், நாய்ப்படம்தான் போட்டிருக்கு. எனக்கும் கண் தெரியும்தானே. மார்க்கெட்டடியில வாங்கினனான். கடைக்காரரில பிழை சொல்லாதேங்கோ, அவர் நாய்க்கோ எண்டு கேட்டவர், நான் ஓம் எண்டனான். முயலுக்கெண்டால் தரமாட்டார், டொக்டரிட்டப் போங்கோ எண்டு சொல்லிப்போடுவார் எண்ட பயம். ரெண்டும் சொறிதானே, நாய்க்குப் பிடிக்கிறது முயலுக்குப் பிடிக்காமல் விடுமோ எண்டு நினைச்சன்.

முயலுக்கு இது நஞ்சோ? இப்ப கழுவப் போறியளோ? நான் பிடிக்கிறன், நீங்கள் தண்ணியை ஊத்துங்கோ.

ஏன் இங்க வரேல்லையெண்டோ? வந்தனான் டொக்டர். முந்தநாள் காலமை, இதே வாசலுக்கு. நீங்கள் மாடு பாக்க வெளியால போயிட்டியள் எண்டிச்சினம். அவரைத் தனியக் கதிரையில இருத்திப்போட்டு வந்தனான். கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போகவும் வீட்டில வேற ஆளில்லை. பதினொரு மணி மட்டும் பாத்தன். பிறகு எழும்பி மார்க்கெட்டுக்குப் போயிட்டன்.

ஒரு ஊசியோ? பேந்து ரெண்டு கிழமையால இன்னொண்டு, அவ்வளவுதானோ? கூட்டையும் சுடுதண்ணியால கழுவி வெயிலில போட்டால் மாறியிருக்குமோ? ஐயோ டொக்டர், அதை எனக்கு இப்ப சொல்லாதேங்கோ.

பூசினது அவர்தான். நான் பூசுறன் எண்டு போனனான், விடேல்லை. அந்தச் சின்னக் குப்பியை வலக்கையில பிடிச்சு, தானே அமத்தினார். நடுங்கி நடுங்கி, ஒவ்வொண்டுக்கும் கால் மணித்தியாலம். ஏழுக்கும் அந்தக் கையாலதான். முடிச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சவர். வருத்தம் வந்த பிறகு அப்பிடி ஒரு சிரிப்பை நான் காணேல்லை. புட்டையும் அந்தக் கையால ரெண்டு வாய் அள்ளிச் சாப்பிட்டார்.

விடியப் பாத்தால் ஒண்டு விறைச்சுப்போய்க் கிடக்குது. நேத்தில இருந்து அந்தக் கையைச் சட்டைக்குள்ள விட்டு வச்சிருக்கிறார். கூட அமத்திப்போட்டன் மலர், எனக்கு அளவு பிடிபடேல்லை எண்டு திரும்பத் திரும்ப அதையே சொல்லுறார்.

அவர் உள்ளுக்கு வந்தால் உங்களிட்டக் கேக்கப் போறதும் அது ஒண்டைத்தான். நான் கூடப் பூசிப்போட்டனோ டொக்டர் எண்டு. இல்லை எண்டு சொல்லுங்கோ. அளவு சரி, நான் தந்த மருந்துதான் பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லுங்கோ.

ஓம், நீங்கள் தந்ததுதான். அப்பிடித்தான் அவருக்குச் சொல்லி வச்சிருக்கிறன். டொக்டர் பாத்துத் தந்தவர், பயப்பிடாமல் பூசுங்கோ எண்டு. அதை நம்பித்தான் குப்பியைக் கையில எடுத்தவர்.

கோவிக்காதேங்கோ. உங்கட பேருக்கு ஒண்டும் வராது, அவர் வெளியில ஆரோடயும் கதைக்கிறதில்லை. விளங்குது டொக்டர், உண்மையை நானே சொல்லலாம்தான். நேத்து முழுக்க அதுக்குத்தான் அவருக்கு முன்னால போய்ப் போய் நிண்டனான். ஒவ்வொரு தரமும் குளிசையைக் குடுத்துப்போட்டுத் திரும்பி வந்திட்டன். ஒரு நாளைக்கு ஒன்பது குளிசை அவருக்கு. பிறசருக்கு, சீனிக்கு, ரத்தம் உறையாமல் இருக்க. எல்லாம் டொக்டர் தந்தது எண்டு நான்தான் எடுத்துக் குடுக்கிறது. இண்டைக்கும் வெளிக்கிட முதல் அஞ்சு குடுத்தனான். என்னெண்டு கேக்காமல் வாயைத் திறந்தவர்.