மயில் போட்ட வெள்ளிக்காசு

அறுபதுகளில் ஒருநாள், பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கோயமுத்தூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இரண்டு விவசாயிகள் இருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தவர் மற்றவரிடம் சொன்னார்:

"இத்தன நாளா ரோமாபுரி ராசா சம்சாரத்தைக் கும்பிட்டுட்டு இருந்திருக்கறனுங்க."

"என்னுங்க சொல்றீங்க?"

"உழவுல ஒரு வெள்ளிக்காசு கெடச்சுதுங்க. ஒரு பக்கம் பொம்பள மொகம், மறுபக்கம் மயிலு. மயிலிருந்தா வள்ளிதானேன்னு சாமி படத்துக்கிட்ட வெச்சுப்போட்டேன். கெணத்துல தண்ணி வந்தா பழனியில மொட்டை போடறன்னும் வேண்டிக்கிட்டேன்."

"வந்துதுங்களா?"

"வந்துதுங்க. மொட்டையும் போட்டாச்சு. நேத்து காலேஜ் வாத்தியார் ஒருத்தர் காசைப் பார்த்தாருங்க. மொகத்தைச் சுத்தி 'திவா'ன்னு எழுதியிருக்குது, தெய்வமான பொம்பளைன்னு அர்த்தம், செத்துப்போன ராணிய சாமியாக்கி அடிச்ச காசுன்னாரு. என்ற மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறதுங்க?"

"காசை எடுத்துப்போட்டீங்களா?"

"எடுக்கத்தான் போனனுங்க. என்ற ஊட்டுக்காரி உடல. 'தண்ணி குடுத்தவள, எந்த ஊர்க்காரின்னு தெரிஞ்சதும் வெளிய போன்னு சொல்லுவீங்களா?'ன்னு கேட்டுப்போட்டா. இன்னிக்குக் காலைல நானும் கும்பிட்டுட்டுத்தானுங்க பஸ் ஏறுனேன்."