பதினேழாம் எண் பூட்டு

நெருங்கி உட்காருங்கள். இது யாருடைய மாமனுக்கோ மச்சானுக்கோ நடந்ததல்ல. பக்கத்தில் நின்றவன் நான்.

ரேடியோ என்று நாங்கள் கூப்பிட்ட என் கூட்டாளி கடைசியாக என்னிடம் கேட்டது என் மூக்குக்கண்ணாடியை.

"உன்னுத குடுடா. என்னுத போட்டா போல்ட்டு ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"நீ முடுக்குற லட்சணத்துக்கு ரெண்டு இருந்தாதான் நிக்கும்."

சிரித்துக்கொண்டே தொட்டிக்குள் இறங்கினான்.

வாய் ஓயாது, அதனால் ரேடியோ. காகித ஆலையில் இருபத்திரண்டு வருடம் ஒரே ஜோடியாக வேலை பார்த்த ஃபிட்டர்கள் நாங்கள். பழைய காகிதத்தைத் தண்ணீரோடு அரைத்துக் கூழாக்கும் தொட்டி அது. இரண்டு ஆள் ஆழம். அடியில் இரும்பு விசிறி. உள்ளே இறங்குகிறவன் சுவிட்சை நிறுத்தி, அதில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அவனவன் பூட்டு, அவனவன் சாவி. ரேடியோவின் பூட்டில் பதினேழு என்று குத்தியிருக்கும்.

நான் ஸ்பேனர் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தேன். ஐந்து நிமிடம். அதற்குள் சூப்பர்வைசர் வந்திருக்கிறார். முந்தின ஷிஃப்ட் ஆள் பூட்டை மறந்துவிட்டுப் போனான் என்று நினைத்து... அப்படி மறப்பவர்களும் உண்டு... கட்டரால் வெட்டிவிட்டார். குரல் கொடுக்கவில்லை. எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டோரில் நின்ற எனக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

வெட்டிய பூட்டு அன்றே காணாமல் போனது. 'பூட்டு போடப்படவில்லை. இறந்தவரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதினார். ரேடியோவையா? வீட்டுக் கதவையே மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவனையா?

"அவன் பையில சாவி இருந்துச்சே சார்," என்றேன்.

"சாவி வெச்சிருந்தா பூட்டு போட்டான்னு அர்த்தமாய்யா?"

அந்தச் சாவியை ரேடியோவின் மனைவி வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அதன் பிறகு அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் என் பல் தானாகக் கடிபட்டது.

ஒரு மாதம் கழித்து. இரவு இரண்டு பத்து. ஆலையிலிருந்து குடியிருப்புக்கு ஒன்றரை மைல் சாலை, வழியில் ஒரு விளக்கு கிடையாது. சூப்பர்வைசர் ஸ்கூட்டரில் தனியாக வருகிறார். அவர் வாயாலேயே பின்னால் என்னிடம் சொன்னது இது. முதலில் வாடை... ஊறிப் புளித்த காகித வாடை. அப்புறம் பின்சீட்டில் யாரோ ஏறியது போல வண்டி அழுந்தியது. அப்புறம் காதோரம் ஒரே ஒரு சத்தம்.

டக்.

பூட்டை அழுத்திப் பூட்டும் சத்தம்.

வீட்டு கேட்டில் சிவப்புப் பூட்டு. பதினேழு. வெட்டினார். மறுநாள் வாசல் கதவில். வெட்டினார். அதற்கு மறுநாள் குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவில்... வெளிப்பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து வெட்டினார்.

நான்காம் நாள் இரவு ஷிஃப்டில் என்னைத் தேடி வந்தார்.

"விளையாடாதய்யா. நீதான மாட்டுற?"

"எங்கிட்ட ஏது சார் பூட்டு?"

குரல் இறங்கியது. "அந்தச் சாவிய வாங்கிக் குடுய்யா. அந்தம்மா நீ கேட்டா குடுக்கும்."

"பூட்டே போடலன்னு எழுதினீங்க. போடாத பூட்டுக்குச் சாவி எதுக்கு சார்?"

"மாத்தி எழுதிடறேன். நான்தான் வெட்டினேன்னு... இப்பவே."

எழுத ஆலையின் மாடியில் இருந்த தன் அறைக்குப் போனார். ஒன்றரை மணிக்கு அலறல். மெஷின் இரைச்சலில் மாடிப்படியில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. இரும்புக் கதவு. வெளியே சிவப்புப் பூட்டு.

"தண்ணி வருதுய்யா... முட்டி வரைக்கும் வந்துடுச்சு..."

கதவடியில் தரையைத் தடவினேன். காய்ந்திருந்தது. கட்டரை வைத்து அழுத்தினேன். கட்டர்தான் மழுங்கியது.

"எழுதிட்டேன்யா... கையெழுத்தும் போட்டுட்டேன்... சாவிய கொண்டா..."

ரேடியோவின் வீடு சைக்கிளில் ஐந்து நிமிடம். என் சைக்கிள் ஆலை வாசலில்தான் நின்றது.

நான் நடந்து போனேன்.

அவள் விழித்திருந்தாள். சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு நேரமா கத்துறாரு, அண்ணா?"

"அரை மணி இருக்கும்மா."

"உக்காருங்க. நல்லா மூச்சு வாங்கிட்டுப் போலாம்."

உட்கார்ந்தேன்.

அவள் கொடுத்த சாவியோடு திரும்பி வந்தபோது சத்தம் இல்லை. சாவி எண்ணெய் போட்டது போலத் திரும்பியது. மேசைமேல் நாற்காலி. நாற்காலிமேல் நின்ற வாக்கில் சூப்பர்வைசர், முகத்தைக் கூரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு. சட்டை காய்ந்திருந்தது. தலைமுடி காய்ந்திருந்தது. திறந்த வாய் நிறையச் சாம்பல் நிறக் கூழ். கையில் அவர் எழுதிய தாள்... அதுவும் கூழாகி விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. ஓர் எழுத்து மிச்சமில்லை.

சைக்கிளில் போயிருந்தால் அந்தத் தாளாவது கிடைத்திருக்கும். ரேடியோவுக்கு எது வேண்டியிருந்தது... எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன்.

அலுவலகக் கோப்பில் அறிக்கை அப்படியே இருக்கிறது. நான்காம் பக்கம், இரண்டாம் வரி. பூட்டு போடப்படவில்லை.