நாற்பது சீட்டும் ஒரு சான்றும்

பெயர் ஹுமேரா, வயது 33, க/பெ ஷாருக், பள்ளிவாசல் தெரு, நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்.

நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். பட்டப்படிப்பு முடித்துப் பதிவு பெற்று, ஒன்பது வருடமாக டாக்டர் சவுரியப்பன் அவர்களின் மருத்துவமனையில் பிசிஷியன் அசிஸ்டென்டாக வேலை பார்க்கிறேன். நோயாளியை விசாரிப்பது, பிரஷர் பார்ப்பது, புண் கட்டுவது என் வேலை. மருந்து எழுதிக் கையெழுத்துப் போடுவது டாக்டர் வேலை. ஊரில் பாதிப் பேர் என்னைச் சின்ன டாக்டர் என்பார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

சென்ற வருடம் தை மாதம் டாக்டருக்குப் பக்கவாதம் வந்து வலது கை இழுத்துக்கொண்டது. மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தார். பேச்சிலும் ஞாபகத்திலும் குறை இல்லை, கை மட்டும் நடுங்கியது. அதன் பிறகு அவர் கையெழுத்துப் போட்ட சீட்டுகளைப் பார்த்து மருந்துக் கடைக்காரர் நஞ்சப்பன், "இது டாக்டரு போட்டதே இல்லீங்க" என்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு டாக்டர் என்னிடம், "நான் சொல்றதை எழுதி, கையெழுத்தையும் நீயே போட்டுடு கண்ணு" என்றார். தப்பு என்று தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். பழைய சீட்டுகளைப் பார்த்து நான்கு நாள் எழுதிப் பழகினேன். அதன் பிறகு ஒரு சீட்டும் திரும்பி வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு என் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதி வந்தது. டாக்டரின் மேற்பார்வையில் வேலை பார்த்தேன் என்ற சான்றில் அவர் கையெழுத்து வேண்டும். "இதையும் நீயே போட்டுக்கயேன்" என்றார். "இது என் லைசென்ஸுங்க சார், நீங்கதான் போடணும்" என்றேன். அத்தனை சீட்டில் துணிந்து போட்டவளுக்குத் தன் காகிதம் என்றதும் நியாயம் ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

அதன் பிறகு என் பதிவைப் புதுப்பிக்கும் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் எங்கள் மருத்துவமனையின் நாற்பது மருந்துச் சீட்டுகளை எடுத்துப்போய் ஒப்பிட்டு, சீட்டில் இருப்பவை டாக்டருடையவை, சான்றில் இருப்பது நான் போட்ட போலி என்று சொல்லி, புதுப்பிக்க மறுத்து, இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள்.

நேற்று டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "சீட்டெல்லாம் நான் போட்டதுன்னே சொல்லிடறேன், உனக்கு ஒண்ணும் வராது" என்றார். அப்படிச் சொன்னால் என் சான்று போலி என்றே ஆகிவிடும் என்று விளக்கிவிட்டு வந்தேன்.

உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் பதிவும் போகும், பழியை நான் ஏற்றுக்கொண்டால் அவருடையதாவது மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். அதையும் யோசித்தேன். ஆனால் அந்தக் கால் மணி நேரம் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சான்றில் உள்ளது டாக்டர் சவுரியப்பன் அவர்களின் கையெழுத்து. நாற்பது சீட்டுகளில் உள்ளவை நான் போட்டவை.

எழுதியதைக் காவலர் சசிகலா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. கீழே இருப்பது என் பெயரில் நான் போடும் கையெழுத்து.

(ஒப்பம்) ஹுமேரா