செய்மதிக்குப் போகும் கேபிள்

"ஒரு விரற்கடை குறைஞ்சாலும் செய்மதிக்குத் தெரிஞ்சிடும்," என்று முன் இருக்கைப் பெண் சொன்னதும் நான் நாளிதழை மடித்தேன்.

2007, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே கால், ஜெர்மனியின் கொலோன் நகர டிராம். முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறியவர்கள். கணவரின் வலக்கண்ணில் புதுக் கட்டு.

"என்ன சொல்லுறீர்?"

"ராணுவத்தின்ர விண்வெளித் தளத்துக்குப் போற, மேல சுத்துற செய்மதியோட பேசுற அன்ரெனாவின்ர கேபிள், அப்பா. சோடியா ஒரே நீளத்தில இருக்கவேணும். நான் நட்டை முதலில கோக்காமலே முனையை ஈயத்தால பத்தவைச்சிட்டன். பிறகு வெட்டித் திருப்பிச் செய்தன். ஒண்டு கட்டையாப் போச்சு."

"நித்திரையிலயும் நட்டுக் கோக்கிற ஆள் நீர். இண்டைக்கு என்ன வந்தது?"

"உங்கட கண்ணை ஒப்பரேசனில வெட்டின நேரமப்பா அது. கை மட்டுந்தான் அங்க வேலை செய்தது."

அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மைஸ்டரிட்டச் சொன்னனீரோ?" என்று தொழிற்சாலை மேற்பார்வையாளரைப் பற்றிக் கேட்டார்.

"இல்லை. வெள்ளிக்கிழமைதான் என்னை நிரந்தரமாக்கிறதோ எண்டு முடிவெடுக்கினம். சொன்னால் வேலை போகும். சொல்லாட்டி நாளைக்கு அந்தக் கேபிள் பெட்டி தளத்துக்குப் போயிடும்."

"அப்ப இண்டைக்கே சொல்லுவம். நானும் வாறன். அந்தாள் பேசினால் மற்றக் கண்ணால முறைக்கிறன்."

"முறைச்சுக் கிழிச்சீங்கள்," என்று சிரித்தபடி அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் எழுந்தார்கள். கட்டுப் போட்ட பக்கமாக வந்து அவள் அவர் தோளைப் பற்றினாள்.

"மெல்ல, படி இருக்கு. அவசரமில்லை, மைஸ்டர் ஆறு மணிமட்டும் நிப்பார்."

எங்கள் டிராம் நகர்ந்தபோது, இருவரும் தொழிற்சாலைப் பக்கம் போகும் எதிர்மேடையில் நின்றிருந்தார்கள்.